கடித மாமிகளின் பட்டியல்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குத் திருகோணமலையில் இறங்கினேன். பேருந்து நிலையத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் நின்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் பாளையங்கோட்டையில் மாடு நிற்கும் இடத்தில் இங்கே மான் நிற்கிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். அது என் கைப்பையை முகர்ந்து பார்க்க வந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு நீல உறை இருந்தது. அந்த உறைக்காகத்தான் இந்தப் பயணமே.

"பழம் இருக்கோ எண்டு பாக்குது. வேற ஒண்டுமில்ல" என்றார் ஓர் ஆட்டோக்காரர். பெயர் நவாஸ்; கிண்ணியாக்காரர்; ஐம்பது வயதிருக்கும். "இந்தியாவோ?"

"எப்படித் தெரியும்?"

"மானைப் பாக்கிறதில விளங்குது. இங்கத்த ஆக்கள் மானைப் பாக்க மாட்டாங்க."

ஆட்டோ உட்துறைமுகத்தின் ஓரமாகப் போனது. இரண்டு பக்கமும் மலை கைகளை வளைத்தது போல இருக்க, நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. காற்று மட்டும் சூடாக வீசியது. "கச்சான் காத்து" என்றார் நவாஸ். நாங்கள் நிலக்கடலை என்று சொல்வதும் இங்கே கச்சான்தான் என்று அடுத்த தெருவில் வண்டிக்காரரைக் காட்டி விளக்கினார். இரண்டையும் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன்.

உறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சிறிய சபை நடத்தும் பெண்பிள்ளைகள் இல்லம் இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள். சிலருக்குப் பெற்றோர் இல்லை. சிலருக்கு இருந்தும் வளர்க்க முடியவில்லை. ஆறு வருடங்களாக எங்கள் சபையின் பெண்கள் சங்கம் அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெண். அவள் அந்தப் பிள்ளைக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். நாங்கள் வைத்த பெயர் ஜெப அத்தை. பிள்ளைகள் வைத்த பெயர் கடித மாமி.

முதல் வருடம் ஒரு டாக்டரின் மனைவி தன் பிள்ளைக்கு வண்ணப் பென்சில்களும் பாவாடைத் துணியும் அனுப்பினாள். இன்னொருத்தி வெறும் கடிதம் அனுப்பினாள். பிள்ளைகள் ஒப்பிட்டு அழுததாகச் செய்தி வந்தது. ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. பள்ளி அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாகப் பதிவேடு எழுதுகிறவள் நான். ஐந்து விதிகள் எழுதினேன். மூன்றாவது விதி: ஒவ்வொரு ஆகஸ்டிலும் சீட்டுக் குலுக்கி அத்தைகளை மாற்ற வேண்டும். நான்காவது விதி: மாறிய பிறகு பழைய அத்தை எழுதக் கூடாது, அவள் பெயருக்கு வரும் கடிதத்தைப் பிரிக்காமல் புதிய அத்தையிடம் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் பாரபட்சம் இருக்காது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இந்த வருடம் பிள்ளைகளின் கடிதங்கள் சுருங்கிவிட்டன. பன்னிரண்டு உறைகளிலும் ஒரே கடிதம்: அன்பான மாமி, நான் சுகம். நீங்கள் சுகமா? நன்றாகப் படிக்கிறேன். நன்றி. சங்கச் செயலாளர் வசந்தா அக்கா கூட்டத்தில் அந்தக் கடிதங்களைச் சீட்டுக்கட்டு போல விரித்துக் காட்டினார். "பிள்ளைகளுக்கே இஷ்டம் இல்லன்னா இதை இந்த வருஷத்தோட நிறுத்திரலாம். விதி எழுதினவ நீதான லில்லி. நீயே போய்ப் பாத்துட்டு வா." போகிற கையோடு புதிய பட்டியலையும் கொடுத்தனுப்பினார். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பிள்ளைகள் முன்னால் நான் அதை வாசிக்க வேண்டும். அதுதான் நீல உறை.

இல்லத்தின் பொறுப்பாளர் புஷ்பராணி அக்கா வாசலில் நின்றார். அறுபதை நெருங்கும் வயது. மாவு பட்ட கை. "வாங்கோ, கதிரையில இருங்கோ, முதல் தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு கதைப்பம்." பால் இல்லாத தேநீர். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் கருப்பட்டியைக் காப்பியில் கரைத்துவிடுகிறோம். இங்கே அதற்குத் தனி மரியாதை.

பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். நன்றாகப் பழகிய பாட்டு. பல விருந்தினருக்குப் பாடிப் பாடித் தேய்ந்திருந்தது. "இவதான் பாளையங்கோட்டையில இருந்து வந்த லில்லி மாமி" என்றார் அக்கா. நேரில் என்னை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. சொன்னவுடன் வரிசையின் கடைசியில் இருந்த பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. பதினொரு வயது, இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் நீலம், ஒரு ரிப்பன் பச்சை. பிறகு சமையலறைக்குள் போய்விட்டது.

"அவள் துசாந்தினி. கிளிவெட்டி ஊர்ப் பிள்ளை" என்றார் அக்கா. "ஒரு நாளும் இப்பிடிச் செய்ய மாட்டாள்."

பெயர் எனக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் என் சீட்டில் வந்த பெயர் அது. ஒரு வருடம் அவளுடைய கடித மாமி நான்தான்.

ஆறரைக்கு மாலை ஜெபம். பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். இங்கே ஒரு வழக்கம்: சின்னப் பிள்ளையில் தொடங்கி ஒவ்வொருவரும் ஒரே ஒரு விண்ணப்பம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். எட்டு வயது யதுசா தன் ஆடிய பல் வலிக்காமல் விழ வேண்டும் என்று கேட்டாள். ஆமென். இன்னொருத்தி சாம்பல்தீவில் இருக்கும் தன் அப்பம்மாவின் கால் சுகமாக வேண்டும் என்றாள். ஆமென். துசாந்தினியின் முறை வந்தது.

"ஆண்டவரே, பாளையங்கோட்டையில காணாமப் போன ஜிம்மியைக் கண்டுபிடிச்சுக் குடுத்தருளும்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும், பழகிய குரலில்.

நான் கண்ணைத் திறந்தேன். துசாந்தினியின் ஒரு கண் ஏற்கெனவே திறந்திருந்தது. அது என்னைத்தான் பார்த்தது.

ஜிம்மி எங்கள் வீட்டு நாய்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு அக்காவிடம் கேட்டேன்.

"அது ரெண்டு வருசமா நடக்குது" என்றார். "ஆரடி ஜிம்மி எண்டு கேட்டன். என்ட மாமியின்ட நாய் எண்டாள். ஜெபத்தில நாயைச் சேக்கக் கூடாதெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஏன், உங்களுக்கு அந்த மாமியைத் தெரியுமோ?"

"நான்தான் அக்கா."

அகப்பையைச் சட்டியில் வைத்தார். "நாய் வந்ததோ?"

"வந்துச்சு. நாலாம் நாள்."

"எப்ப?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

அக்கா என் தட்டில் நான் கேட்காமலே சொதி ஊற்றினார். "அவளுக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டன்."

நடந்தது இதுதான். அந்த வருடம் ஜூலைக் கடைசியில் கோயில் விழா வெடிச்சத்தத்தில் மிரண்டு ஜிம்மி ஓடிவிட்டான். அந்த மாதக் கடிதத்தில் அதை எழுதி, ஜெபித்துக்கொள் என்றும் எழுதினேன். நாலாம் நாள் திரும்பி வந்தான். அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் ஆகஸ்ட் வந்தது, சீட்டு வந்தது, துசாந்தினி வேறொருத்தியிடம் போனாள். செப்டம்பரில் அவளிடமிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நான்காவது விதிப்படி பிரிக்காமல் புதிய அத்தையிடம் கொடுத்தேன். விதியை நானே முதலில் கடைப்பிடித்தேன் என்ற திருப்தி அன்று எனக்கு இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஜிம்மி யார் என்று தெரியாது. ஒரு வேத வசனத்தை எழுதி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பாணும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்பது நம் ஊர்ப் பிரெட்தான். ஆனால் இங்கே அது காய்ச்சல்காரர் சாப்பாடு இல்லை. சூட்டோடு பிய்த்து, சம்பலை அள்ளிச் சாப்பிடுகிறார்கள். நான்கு துண்டு சாப்பிட்டேன். சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தபோது யதுசா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் முழுதும் குடிக்கும் வரை காவலுக்கு நின்றாள்.

துசாந்தினியிடம் சொல்ல மூன்று முறை முயன்றேன். எட்டரைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போனதும் அலசப் போய்விட்டாள். பத்து மணிக்குக் கிணற்றடியில் இருந்தாள்; நான் போனதும் வாளி நிரம்பிவிட்டது. பிற்பகல் இரண்டேகாலுக்கு வேலை எதுவும் இல்லாமல்தான் நின்றாள். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கின முற்றத்தையே மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.

மற்றப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு தங்கள் பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒவ்வொரு டின்னிலும் எங்கள் கடிதங்கள். மாமி வாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். என்னுடைய அலுவலக அலமாரி கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. கடிதங்கள் ஏன் சுருங்கின என்று பெரிய பிள்ளை அபிநயாவிடம் கேட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது.

"கோவிக்க மாட்டீங்களோ மாமி?"

"இல்லை. சொல்லு."

"ஒவ்வொரு வருசமும் புது மாமி வருவா. முதல் கடிதத்தில ஆறு கேள்வி இருக்கும். எந்த ஊர், அம்மா அப்பா எங்கே, எப்ப இல்லத்துக்கு வந்தாய். திரும்பவும் முதலில இருந்து சொல்லோணும். அம்மா செத்ததை நான் அஞ்சு தரம் எழுதியிட்டன். இனி ஏலாது மாமி. சுகம் எண்டு எழுதினாப் போதும்தானே."

அந்த ஆறு கேள்விகள் கொண்ட மாதிரிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் கொடுத்தது நான். எழுதத் தெரியாத பெண்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று செய்தேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "முதல் இருந்த மாமியள் செத்திட்டினமோ?"

"விசரி, ஒரே நாளில பன்னிரண்டு பேரும் சாவினமோ?" என்றாள் அபிநயா. "எங்களில களைச்சிருப்பினம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாட்குறிப்பில் அன்று அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை கடலுக்கு அக்கரையில் உள்ள மூதூருக்குப் போனோம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மூதூர் எருமைத் தயிர் வேண்டும். அதுவும் புஷ்பராணி அக்காவுக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் வேண்டும். பாலங்கள் வந்த பிறகு பலரும் பேருந்தில் போகிறார்கள். அக்காவுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது; படகுதான். விசைப்படகை இங்கே லோஞ் என்கிறார்கள். தயிர்ச் சட்டி தூக்க அக்கா துசாந்தினியை அழைத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்தார் என்று படகில் ஏறிய பிறகுதான் புரிந்தது. எங்கள் இருவரையும் ஒரே பலகையில் உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் போய் யாரோ ஒருவரோடு கதைக்கத் தொடங்கினார்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு, கொட்டியாரக் குடாவின் நடுவில், எஞ்சின் இருமிவிட்டு நின்றது. நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பிடாதேங்கோ" என்றார் படகோட்டி. "கொஞ்சம் மூச்செடுக்குது."

"போன கிழமையும் இவ்விடத்திலதான் நிண்டது" என்றார் சைக்கிளோடு வந்திருந்த ஒரு பெரியவர். "இதுக்கு இவ்விடம் சரியான விருப்பம்."

"இறங்கித் தள்ளுங்கோவன் ஐயா" என்றார் படகோட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

படகு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கரை ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனது. பெருக்க முற்றமும் இல்லை, நிரப்ப வாளியும் இல்லை. துசாந்தினி தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஜிம்மி செத்திட்டானோ?"

"இல்லம்மா. வந்துட்டான்."

திரும்பினாள். "எப்ப?"

"காணாமப் போன நாலாம் நாள். உன் கடிதம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே."

"நான் எழுதிக் கேட்டனான்."

"தெரியும்."

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை. பிரிக்காம அடுத்த மாமிகிட்ட கொடுத்தேன். அப்படி ஒரு விதி இருந்துச்சு."

"ஆர் போட்ட விதி?"

"நான்தான்."

அவள் மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். "அடுத்த மாமி ஜிம்மியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. அதுக்கடுத்த மாமியும் எழுதேல்லை. செத்ததை மறைக்கினம் எண்டு நினைச்சன். அம்மாவுக்கும் அப்பிடித்தான் செய்தவை. ஆசுப்பத்திரியில நிக்கிறா, வருவா, வருவா எண்டு சொன்னவை. நான் பள்ளிக்கூடத்தில இருந்து வந்து ஒவ்வொரு நாளும் கேட்டனான். பிறகு வேற ஒரு பெட்டைப்பிள்ளைதான் சொன்னவள்."

மன்னித்துக்கொள் என்றேன். என் மகன் வளர்ந்து பெரியவனான பிறகு யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்ன நினைவில்லை.

"வந்தவன் எப்பிடி இருந்தவன்?" என்று கேட்டாள்.

"சரியா நினைவில்லை. நாட்குறிப்பில எழுதி வச்சிருக்கேன். சாயங்காலம் பாத்துச் சொல்றேன்."

"எழுதி வச்சிருக்கிறீங்களோ?" அந்த ஒரு விஷயத்தில்தான் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வந்தது போல இருந்தது.

ஒன்பது பதினேழுக்கு எஞ்சின் கிளம்பியது. பெரியவர் அதைத் தட்டிக்கொடுத்தார். மூதூரில் தயிர்க்காரப் பெண் சட்டிகளை வாழையிலையால் மூடிக் கட்டித் தந்தாள். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது என்று ஒன்றைக் கவிழ்த்தும் காட்டினாள். விழவில்லை. எங்கள் ஊர்த் தயிரை அப்படிச் செய்தால் சேலை போய்விடும். திரும்பும்போது துசாந்தினி ஒரு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அதே பலகையைத் தானாகத் தேர்ந்தெடுத்தாள்.

பிற்பகல் நாலு மணிக்கு என் கணவருக்கு வீடியோ அழைப்புச் செய்தேன். அலமாரியில் மேல் தட்டில், இடமிருந்து மூன்றாவது நாட்குறிப்பை எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டு தலைகள் என் தோளைச் சுற்றி இருந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "ஜிம்மி காலை ஆறு பத்துக்கு வந்தான். வலது காதில் கீறல். கழுத்துப் பட்டை இல்லை. இரண்டு தட்டுச் சோறு தின்றான். மாலை வரை தூங்கினான்."

"எத்தினை தட்டு?" என்றாள் யதுசா.

"ரெண்டு" என்றார்கள் எல்லோரும்.

அவர் கைப்பேசியை ஜிம்மியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "ஜிம்மி" என்று கத்தினார்கள். அவனுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கொட்டாவி விட்டுவிட்டு, திரையை ஒருமுறை நக்கினான். இங்கே பெரிய ஆரவாரம்.

அது அடங்கியதும் ஒரு பிள்ளைக்குக் கணக்கு உறைத்தது. "அப்ப ரெண்டு வருசமா நாங்கள் சும்மாவோ கேட்டனாங்கள்?"

"சும்மா இல்லை" என்றாள் யதுசா. "நாங்கள் கேட்டபடியாத்தான் அவன் பிறகு ஓடேல்லை."

இதை எங்கள் போதகரிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். இவ்வளவு தெளிவாக இருக்காது.

துசாந்தினி மட்டும் திரை அணைந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நாளைக்குப் புதுப் பட்டியல் வாசிப்பீங்களோ?"

"அதுக்குத்தான் அனுப்பினாங்க."

"ஆர் வந்தாலும் நான் இனி எழுதேல்லை மாமி. கோவமில்லை. ஏலாது."

வசந்தா அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். நான் சொன்னதை முழுதும் கேட்டார். "சரி லில்லி. ஆனா ஜெபம் பண்ணி எடுத்த சீட்டு இது. புதுசா நாலு பொம்பளைங்க பேரு கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுதது?"

"தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க. புதன்கிழமைக் கூட்டத்துல நானே நின்னு சொல்லுதேன். இந்தப் பட்டியலை மட்டும் வாசிக்கச் சொல்லாதீங்க."

அந்தப் பக்கம் அவர் மின்விசிறியை அணைத்தார். "பிள்ளைகள்ட்டயே கேளு" என்றார். "யாரு வேணும்னு சொல்லுதாங்களோ எழுதிட்டு வா. கூட்டத்துல வைப்போம். ஆனா முடிஞ்சுதுன்னு வாக்குக் கொடுத்துராத."

ஞாயிறு ஆராதனை ஒன்பது மணிக்கு. சிறிய கோயில், ஜன்னல் வழியே துறைமுகத்துக் கப்பல் ஒன்று தெரிந்தது. பாட்டுகளில் பாதி எனக்குத் தெரிந்தவை. ஆனால் இவர்கள் மெதுவாகப் பாடுகிறார்கள். நான் ஒவ்வொரு அடியிலும் முன்னால் போய் நின்று காத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் நீல உறையோடு எழுந்தேன். பன்னிரண்டு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். உறையைப் பிரிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டேன். "உங்களுக்கு எழுதின மாமிகள்ல யார் வேணும்னு சொல்லுங்க. நான் எழுதிட்டுப் போறேன். அந்த மாமிகளைக் கேக்கணும், சங்கத்தைக் கேக்கணும். கேட்டு, ஆம்னாலும் இல்லைன்னாலும் ஒரு மாசத்துக்குள்ள உங்களுக்கு எழுதுவேன்."

முதலில் அபிநயா தன் முதல் வருடத்து மாமியின் பெயரைச் சொன்னாள். மளமளவென்று பெயர்கள் வந்தன. டாக்டரின் மனைவியைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்திதான் கேட்டாள். மூன்று பேர் எங்கள் சபையில் பூக்கட்டும் ஒரு பெண்ணையே கேட்டார்கள். அவள் எழுத்துப் பிழையோடு தன் பூனையைப் பற்றி மட்டுமே எழுதுவாள். அந்தக் கடிதங்களைத் திருத்தி எழுத வேண்டும் என்று நான் ஒருமுறை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

யதுசா, "எஸ்தர் மாமி" என்றாள்.

எஸ்தர் அக்கா போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு இறந்துபோனார். அவர் வருடம் முடிந்துவிட்டிருந்ததால் யாரும் யதுசாவுக்குச் சொல்லவில்லை. துசாந்தினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யதுசாவின் முன்னால் போய் முழங்காலிட்டு உட்கார்ந்து, எஸ்தர் மாமி இறந்துவிட்டார் என்றும், எப்போது என்றும், என்ன நோய் என்றும் சொன்னேன். யதுசா அழவில்லை. ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே யோசித்தாள்.

"அவட மகள் இருக்கிறாவோ? எஸ்தர் மாமி மகளைப் பற்றி எழுதுறவ."

"இருக்காங்க."

"அவவை எழுதுங்கோ."

எழுதினேன். கடைசியாகத் துசாந்தினியின் பக்கம் திரும்பினேன். என் பெயரைச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.

மதியம் சோறு, பாரை மீன் குழம்பு, பருப்பு, கடைசியில் தயிரும், பாணி என்று இவர்கள் சொல்லும் வெல்லப் பாகும். யாரும் அதிகம் பேசவில்லை. தயிர் அப்படி.

திங்கள் காலை ஆறு நாற்பதுக்கு நவாஸ் வந்தார். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். வரவேற்புப் பாட்டைப் போலப் பிரியாவிடைப் பாட்டும் இருக்கும் என்று நினைத்தேன், யாரும் பாடவில்லை. ஆளுக்கொரு பக்கமாக என் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஜிம்மிக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஆட்டோ கிளம்பும் நேரத்தில் துசாந்தினி ஓடிவந்து பசை காயாத ஓர் உறையை நீட்டினாள். "வீட்ட போய்த்தான் திறக்கோணும். வேற ஆரிட்டையும் குடுக்கேலாது."

"கொடுக்க மாட்டேன்."

"பிரிச்சு வாசிக்கோணும்."

"வாசிப்பேன்."

பேருந்து நிலையத்தில் அதே மான் நின்றது. இந்த முறை நான் பார்க்கவில்லை. "பழகியிட்டீங்கள்" என்றார் நவாஸ்.

புதன்கிழமைக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது. புதிதாகப் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டார். பூக்கட்டும் பெண், தன்னை மூன்று பேர் கேட்டார்கள் என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்றாவது விதியும் நான்காவது விதியும் எடுக்கப்பட்டன. ஆறு கேள்விக் கடிதத்தை நானே எடுத்துக் கிழித்தேன்.

துசாந்தினியின் உறையை வீட்டுக்கு வந்த அன்றே, வாசலில் செருப்பைக் கழற்றியதும் பிரித்தேன். உள்ளே எனக்குக் கடிதம் இல்லை. நோட்டுத் தாளில், கோடு தவறாத எழுத்தில் இருந்தது இதுதான்:

"அன்பான ஜிம்மிக்கு, நீ வந்தது நல்லது. காது கேக்காதெண்டு மாமி சொன்னவ, அதால இதைப் பலமா வாசிக்கச் சொல்லு. நீ இனியும் எங்கேயாவது போகலாம். ஆனால் போனால் போனேன் எண்டும் வந்தால் வந்தேன் எண்டும் எனக்குச் சொல்லோணும். உனக்கு எழுதத் தெரியாது. மாமியைக் கொண்டு எழுதுவி. இப்படிக்கு, துசா."

வராந்தாவில் ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்து பலமாக வாசித்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் பலமாக இரண்டாம் முறை வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் வழியே எட்டிப் பார்த்தார்.

நீல உறையின் பின்பக்கத்தில், பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே, ஜிம்மி என்று எழுதினேன். பிறகு அவன் சொல்லச் சொல்ல எழுதுவது போலத் தொடங்கினேன்: அன்பான துசாவுக்கு, நான் இன்று வீட்டில்தான் இருக்கிறேன். காலை ஒரு தட்டுச் சோறு தின்றேன்.